புதுப்பிப்பு: பிரேக் சத்தம், சர்வீஸ் கணக்கு

என் காரின் சர்வீஸுக்கு இன்னும் கிலோமீட்டர் பாக்கி, ஆனால் பிரேக் பிடித்தால் கீச்சென்கிறது, அதுவரை அப்படியே விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்: பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) நன்றாகத் தேய்ந்து, அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. அப்படிக் கத்துவதற்கென்றே வைத்த தகடாம்! பேட் மாற்றியாயிற்று.

எஞ்சின் ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்தே ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்றலாம்.

அப்புறம், "எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) வாகனச் சோதனையில் பாஸ்தானே, பிறகென்ன" என்றவர்களுக்கு: 3 வயது தாண்டிய காருக்கு அது 2 ஆண்டுக்கு ஒருமுறை, 10 வயதுக்கு மேல்தான் ஆண்டுதோறும். நடுவில் பேட் தேயாதா என்ன?

பேட்டரியை அடுத்த மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.