மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் வண்டி உதறுகிறது, ரெவ் மேட்ச் எப்படிப் பழகுவது?

மலைப்பாதை:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல். ஊருக்குள்ளும் ஹைவேயிலும் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தொல்லை. 40 கொண்டை ஊசி வளைவு, பல வளைவுகளுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றிவிட்டு கிளட்சை விட்டதும் வண்டி முன்பக்கம் குனிந்து ஒரு உதறு உதறுகிறது. பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்துவிடுகிறது. கிளட்சை ரொம்ப மெதுவாக விட்டால் உதறல் குறைகிறது, ஆனால் பிளேட் தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ரெவ் மேட்ச், அதாவது கீழ் கியருக்கு வரும்போது ரேஸ் கொடுத்து என்ஜின் சுற்றை அந்தக் கியருக்கு ஏற்றபடி உயர்த்துவது, செய்தால் சரியாகும் என்கிறார்கள். எப்போது ரேஸ் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும்? வளைவில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாதே. யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ்_ரவி:
ப்ரோ, முதலில் ஏன் உதறுகிறது என்று புரிந்துகொண்டால் மிச்சம் சுலபம். கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஆக்சிலேட்டரில் கால் இல்லாததால் ஆர்பிஎம் (என்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) சரசரவென்று ஐடிலை, அதாவது ரேஸ் கொடுக்காதபோது இருக்கும் குறைந்த சுற்றை, நோக்கி இறங்கும். ஆனால் இரண்டாவது கியருக்கு அதே வேகத்தில் மூன்றாவதை விட அதிக ஆர்பிஎம் வேண்டும். பெரும்பாலான சின்ன கார்களில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்றில் 30 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம் முள் 1,400 பக்கம் இருந்தால் இரண்டில் 2,100 பக்கம் இருக்கும். கிளட்சை விடும்போது என்ஜின் 900-இல் கிடந்தால் அதைச் சக்கரங்கள்தான் 2,100-க்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும், அந்த இழுவைதான் உங்களுக்கு உதறலாகத் தெரிகிறது. மழையில் நனைந்த ரோட்டில் இப்படிப் பட்டென்று விட்டால் முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கவும் செய்யும்.

செய்ய வேண்டியது: பிரேக்கில் வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுங்கள். கிளட்சை முழுக்க மிதித்து இரண்டில் போடுங்கள். கிளட்ச் இன்னும் கீழே இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி விடுங்கள், அழுத்திப் பிடிக்க வேண்டாம். என்ஜின் சத்தம் மேலே ஏறி இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில் கிளட்சை விடுங்கள். வண்டி குனிந்தால் ரேஸ் போதவில்லை, முன்னால் தள்ளினால் கூடிவிட்டது, எதுவும் தெரியாமல் சத்தம் மட்டும் மாறினால் சரியாக விழுந்திருக்கிறது.

அளவு தெரிய ஒரு வழி: காலியான நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் சீராக 30-இல் போய் என்ஜின் சத்தத்தைக் கேளுங்கள், அப்புறம் அதே 30-இல் இரண்டாவதில் போய்க் கேளுங்கள். அந்த இரண்டாவது சத்தம்தான் உங்கள் குறி. அது காதில் பதிந்துவிட்டால் மீட்டரே வேண்டாம். நான்கிலிருந்து மூன்றுக்கு வருவதில் வித்தியாசம் குறைவு, அதில் தொடங்குங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும், ஓடும் வண்டியில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரன்_மகன்:
ரவி சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இதைப் பலர் டபுள் கிளட்சோடு குழப்பிக்கொள்கிறார்கள். அப்பா ஓட்டிய பழைய லாரிகளில் கியர்பாக்ஸில் சிங்க்ரோ (கியர் விழும் முன் உள்ளே வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், திரும்ப கிளட்ச் மிதித்து கீழ் கியர், இப்படித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கியர் கரகரவென்று கத்தும், உள்ளேயே போகாது. ஏற்றத்தில் முழு லோடோடு அதைத் தவறவிட்டால் வண்டி நின்றுவிடும், அதனால் கிளீனராக இருக்கும்போதே காதாலேயே பழகிவிடுவார்கள். இன்றைய காரில் கியருக்குள் வேகத்தைச் சமன் செய்யும் வேலையை சிங்க்ரோ பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது என்ஜினைத் தொடாது, என்ஜினுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அப்படியே இருக்கும். நீங்கள் ரேஸ் கொடுப்பது அதற்காகத்தான். ஒரு கிளட்ச் போதும், இரண்டு தடவை மிதிக்கத் தேவையில்லை.

பொள்ளாச்சி_டிரைவர்:
தம்பி, நான் அந்த ரோட்டில் வருஷக்கணக்காக டாக்சி ஓட்டுகிறேன். ரெவ் மேட்ச் பழகுங்கள், நல்ல விஷயம். ஆனால் இறங்கும்போது உங்கள் பிரச்சினை வேறு. இறக்கத்தில் எதற்கு மூன்றுக்குப் போகிறீர்கள்? எந்தக் கியரில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம். மேலேயே இரண்டில் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், கியர் மாற்றும் வேலையே பாதியாகக் குறையும். நடுவில் மூன்றுக்குப் போனால் வேகம் ஏறும், பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், அது சூடாகி வாடை வரும், அப்புறம் பிடிக்காது. நியூட்ரலில் இறங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஏறும்போது கதை வேறு. ஏற்றத்தில் வண்டி தானாகவே வேகம் குறையும், அதனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுக்காதீர்கள். கொஞ்சம் மிதித்தபடியே கிளட்சை அழுத்தினால் சுமை போனதும் ஆர்பிஎம் தானாக ஏறும், அந்த நேரத்தில் இரண்டில் தள்ளி கிளட்சை விட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். தனியாகத் தட்டி விட வேண்டியதே இல்லை. ஆனால் கையும் காலும் வேகமாக இருக்க வேண்டும், தயங்கினால் வண்டி நிற்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மாற்றி முடித்துவிடுங்கள், ஸ்டீரிங் திருப்பும்போது கை கியரில் இருக்கக் கூடாது.

மலைப்பாதை:
அண்ணா, ரவி ப்ரோ, ரொம்ப நன்றி. ஏற்றத்தில் காலை எடுக்காமல் மாற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு கேள்வி. பிரேக் பிடித்துக்கொண்டே ரேஸ் கொடுக்கும் ஹீல் அண்ட் டோ பழக வேண்டுமா? இன்னொன்று, என் வண்டி பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்தது), ஆக்சிலேட்டரைத் தட்டினால் கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் ஏறுகிறது.

கியர்பாக்ஸ்_ரவி:
மலையில் இப்போதைக்கு வேண்டாம். ஒரே காலால் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்தபடி ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும், பழகாத கால் பிரேக்கைக் கூடுதலாக அழுத்திவிடும். அது ரேஸ் டிராக்கில், வளைவு வரைக்கும் பிரேக்கிலிருந்து கால் எடுக்காமல் போகிறவர்களுக்குத்தான் பயன். இன்னொன்று, எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் (கேபிளுக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியாக வேலை செய்வது) உள்ள பல கார்களில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் பாதுகாப்புக்காக கம்ப்யூட்டரே என்ஜினை அடக்கிவிடும், எவ்வளவு தட்டினாலும் ஏறாது.

நீங்கள் சொல்லும் தாமதத்துக்கும் அந்த எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டர்தான் முக்கியக் காரணம். ஒரு நொடியில் சின்ன பங்கு முன்னதாகவே தட்டுங்கள், தட்டுவதையும் கொஞ்சம் நீட்டுங்கள். சில வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஏறிய ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கும், கீழ் கியருக்கு வரும்போது அது உங்களுக்குச் சாதகம்தான். டீசலில் என்ஜினின் சுழலும் பாகங்கள் கனம், இன்னும் பொறுமை வேண்டும். நிசான் 370இசட் 2009 மாடலிலேயே இந்த வேலையை கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள், கியர் லீவர் போகும் இடத்தைப் பார்த்து அதுவே ரேஸ் கொடுக்கும். நம் பட்ஜெட் கார்களில் கால்தான் கதி.

லாரிக்காரன்_மகன்:
கிளட்ச் பிளேட் பயத்துக்கும் ஒரு பதில். மெதுவாக விடுவதால் ஒரே நாளில் எதுவும் ஆகாது, ஆனால் 40 வளைவிலும் ஆஃப் கிளட்சில் (கிளட்சைப் பாதி மிதித்தபடி) தேய்த்துக்கொண்டே போனால் சூடு சேரும், ரெவ் மேட்ச் அதைத்தான் மிச்சப்படுத்துகிறது. அதே சமயம், சரியாக ரேஸ் கொடுத்தும் டக்கென்று ஒரு இடி கேட்டால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் என்ஜின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, வண்டி நின்றபடி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று கவனியுங்கள். என்ஜின் அளவுக்கு மீறி ஆடினால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அப்புறம் மலை ஏறுங்கள்.