யு.கே.ஜி. பிள்ளையிடம் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசணுமா?

பாளை அம்மா:
பெற்றோர் கூட்டத்தில், மகளிடம் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொன்னார்கள். நாலு நாளாக முயற்சி பண்ணுகிறேன். ‘கம்’, ‘சிட்’, ‘ஈட் ஃபாஸ்ட்’, ‘டோன்ட் டச்’. இதற்கு மேல் எனக்கு வரவில்லை. முன்பு நான் வாழைக்காய் நறுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து, கறை ஏன் கையில் ஒட்டுது, எண்ணெய் தடவினால் ஏன் ஒட்டலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது நான் அதட்டுவது மட்டும்தான் மிச்சம். ஆச்சியும் அவளிடம் பேசத் தயங்குகிறார்கள்.

வண்ணார்பேட்டை அப்பா:
பள்ளி சொன்னதுதான் சரி. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். சென்னையில் முதல் இன்டர்வியூவில் பதில் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகனுக்கு அது வரக்கூடாது. 2019இல் அரசே 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதே, பெற்றோர் ஆங்கிலம் கேட்டதால்தானே?

அம்பை டீச்சர்:
அண்ணாச்சி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த அம்மா சொன்னதைப் பாருங்கள். பேச்சு போய் ஏவல் மட்டும் நிற்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு தாய், காய்ந்ததை அடுக்கும்போது மகனை இருபத்தைந்து வரை எண்ண வைப்பார். ‘ட்வென்டி ஃபைவ்’ சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எண் அவனிடம் ஏற்கெனவே இருந்தது, பெயர்தான் புதுசு. 2020 தேசியக் கல்விக் கொள்கையும், முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது.

வண்ணார்பேட்டை அப்பா:
எண் சரி டீச்சர். பேச்சு? காதில் விழாத மொழி வாயில் எப்படி வரும்? ஆறாவதில் திடீரென்று மாறினால் யார் தாங்குவது?

அம்பை டீச்சர்:
நியாயமான கேள்வி. காதில் விழத்தான் வேண்டும். ராத்திரி பத்து நிமிஷம் ஆங்கிலப் படப் புத்தகம் வாசியுங்கள். தப்பாக வாசித்தாலும் பரவாயில்லை. அப்புறம் அதைப் பற்றித் தமிழில் பேசுங்கள். ஆச்சி வாயை மட்டும் அடைக்காதீர்கள்.

பாளை அம்மா:
நேற்று செய்து பார்த்தேன். ‘க்ரோ’ படத்தைப் பார்த்ததும், காக்கைக்கு ஏன் சோறு வைக்கிறோம் என்று ஆச்சியிடம் ஓடினாள். அரை மணி நேரம் பேச்சுதான்.

வண்ணார்பேட்டை அப்பா:
அதில் ஆங்கிலம் ஒரே வார்த்தைதானே அம்மா? எனக்குப் பயம் போகவில்லை. சரி, ராத்திரி வாசிப்பை நானும் ஆரம்பிக்கிறேன்.