கையால் வரைந்த அசைவில் தெரியும் எடை கணினியில் ஏன் வருவதில்லை?

பென்சில்முனை:
கணினி அனிமேஷன் கற்கத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. ஒரு பாத்திரம் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதாகச் சிறு காட்சி ஒன்று செய்தேன். தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் கீ ஃபிரேம்களாக வைத்தேன். இடைப்பட்டதை மென்பொருளே நிரப்பிக்கொண்டது. எங்கும் தடங்கல் இல்லை, ஆனாலும் பாத்திரம் தண்ணீருக்குள் எழுவதைப் போல மிதக்கிறது. 1937-இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில், வரிசையின் கடைசியில் வரும் டோப்பி என்ற குள்ளன் ஒரு தத்துத் தத்தி நடையைச் சரிசெய்துகொள்ளும்போதுகூட உடலின் எடை தெரிகிறது. குறை கருவியினுடையதா, என்னுடையதா? முதலில் கையால் வரையப் பழக வேண்டுமா?

வெங்காயத்தாள்:
இரண்டு கீ ஃபிரேம்களோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை. கையால் வரையும் முறையில் மூத்த கலைஞர் முக்கிய நிலைகளை வரைவதோடு, இடைப்பட்ட படங்கள் எங்கே நெருங்கியும் எங்கே விலகியும் அமைய வேண்டும் என்பதைத் தாளின் ஓரத்தில் சிறு கோடுகளால் குறித்துக் கொடுப்பார். உதவியாளர் அதைப் பார்த்தே நடுப்படங்களை வரைவார். படங்கள் நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகம் பிடிக்கும். மென்பொருளுக்குத் தெரிந்தது இரண்டு நிலைகளுக்கு நடுவிலுள்ள தூரம் மட்டுமே. நீங்களே ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள்: மார்பு முன்னே சாய்ந்து, எடை பாதங்களுக்கு வந்த பிறகுதான் இடுப்பு இருக்கையை விட்டு எழும். தலை திரும்பும்போதும் நேர்கோட்டில் திரும்பாது, நடுவில் சற்றுத் தாழ்ந்து ஒரு வளைவில் செல்லும். இந்த நிலைகள் எதையும் நீங்கள் மென்பொருளுக்குச் சொல்லவில்லை. தானாக நிரப்புவதை நிறுத்தி, ஸ்டெப்டு முறையில், அதாவது அடுத்த நிலை வரும்வரை முந்தைய நிலை அப்படியே நிற்கும் முறையில், ஒவ்வொரு நிலையையும் நீங்களே வையுங்கள்.

ரெண்டர்ராத்திரி:
கையால் வரைந்தால் உயிர் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். உயிரற்ற கைவரை அனிமேஷனும் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. இரண்டு முறைகளிலும் உழைப்பு விழும் இடம் வேறு. வினாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் திரைப்படத்தில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படங்கள் வரைய வேண்டும்; ஒவ்வொன்றிலும் அதே முகத்தை அதே பருமனோடு மறுபடி வரைய வேண்டும். கணினியில் பாத்திரத்தை ஒருமுறை உருவாக்கி, எலும்புக்கூடு போன்ற ரிக்கை அதற்குள் பொருத்திவிட்டால் முகம் மாறிவிடுமோ என்ற கவலை இல்லை, ஆனால் முதல் அடி எடுத்துவைப்பதற்கு முன்பே பெரும் உழைப்பு முடிந்திருக்கும். முழுவதும் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமான ‘டாய் ஸ்டோரி’ 1995-இல் பொம்மைகளின் கதையாக அமைந்ததற்கு, பிளாஸ்டிக்கின் வழவழப்பு அன்றைய கணினிக்கு எளிதாக இருந்ததும் தோலும் முடியும் கடினமாக இருந்ததும் ஒரு காரணம்.

வெங்காயத்தாள்:
அந்த வழவழப்பு சில நேரங்களில் தொல்லையும் ஆகும். 1999-இல் வந்த ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்தில் மனிதர்கள் கையால் வரையப்பட்டவர்கள், இயந்திர மனிதன் மட்டும் கணினியில் உருவானவன். அவனுடைய கோடுகள் மற்றவர்களுக்கு அருகில் மிகத் துல்லியமாகத் தெரிந்ததால், அவற்றைச் சற்றே நடுங்கச் செய்யத் தனி நிரல் எழுதினார்கள். 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ முழுக்கவும் கணினிப் படம்தான், ஆனால் காட்டுக் காட்சியில் அனுபவசாலியான பீட்டரை ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைத்துவிட்டு, கற்றுக்குட்டியான மைல்ஸை இரண்டு ஃபிரேம்களுக்கு ஒருமுறைதான் அசைத்தார்கள். பையனின் தடுமாற்றம் அந்த வெட்டு வெட்டான அசைவிலேயே தெரிந்துவிடும். கையால் வரைவதைப் பற்றிக் கேட்டீர்களே, தினமும் கொஞ்சம் கிறுக்கிப் பழகுங்கள். அழகாக வர வேண்டியதில்லை.

பென்சில்முனை:
நன்றி. ஸ்டெப்டு முறையில் ஒன்பது நிலைகள் வைத்துப் பார்த்தேன், மிதப்பு போய்விட்டது. ஆனால் எழும்போது வலது பாதம் தரையில் வழுக்குகிறது.

ரெண்டர்ராத்திரி:
வலது காலில் ஐ.கே., அதாவது பாதம் வைத்த இடத்தில் நிற்க, முழங்காலை மென்பொருளே மடக்கிக்கொள்ளும் வசதி, அணைந்திருக்கும். பாதத்தைத் தரையில் நிறுத்திவிட்டுப் பிறகு இடுப்பை நகர்த்துங்கள்.