கானா மிக்ஸை மாஸ்டரிங்குக்கு (பாட்டுக்குக் கடைசி மெருகு போடுற வேலை) லிமிட்டரோட அனுப்பணுமா, கழட்டிட்டு அனுப்பணுமா?

வியாசர்பாடியிலிருந்து:
கானாவுல லிமிட்டரை, அதாவது சத்தம் ஒரு அளவைத் தாண்டாம அமுக்குற கருவியை, ஏமாத்துறது சட்டி மேளம்தான். குச்சி தோல்ல விழுந்த முதல் சில மில்லி செகண்டுல பீக், அதாவது சத்தத்தோட உச்சம், எகிறிடும், அப்புறம் ஒண்ணுமே இருக்காது. எல்லா ட்ராக்கும் ஒண்ணா சேர்ற மாஸ்டர் பஸ்ல லிமிட்டர் இருந்தா அந்தப் பீக்கை அமுக்கிடும். காதுக்கு சட்டி பத்தலைன்னு தோணும், அதோட ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கிற கட்டை) ஏத்துவோம். மறுபடி அமுக்கும், மறுபடி ஏத்துவோம். கடைசியில லிமிட்டரைக் கழட்டி மாஸ்டரிங்குக்கு அனுப்பினா சட்டி மண்டையில அடிக்கும், குரல் பின்னாடி போயிடும். நாம கேட்டு முடிவு பண்ணின மிக்ஸ் வேற, அனுப்பினது வேற.

அதனால பாதி மிக்ஸ்லயே லிமிட்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க. சத்தம் குறையும், அதுல ஏமாறாம மானிட்டரை ஏத்தி அதே அளவுக்குக் கொண்டு வந்துட்டு கேளுங்க. சட்டி துருத்திக்கிட்டு நின்னா சட்டி ட்ராக்லயே சரி பண்ணணும்: முதல்ல சாஃப்ட் கிளிப்பர்ல (பீக்கோட நுனியை மழுக்குறது) 2, 3 டெசிபல் (டிபி) சீவுங்க, அப்புறம் சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர் 4:1, அட்டாக் (அமுக்க ஆரம்பிக்கிற நேரம்) 1 மில்லி செகண்ட், ரிலீஸ் (விடுற நேரம்) 50. இப்ப லிமிட்டரைத் திரும்பப் போட்டா மீட்டர்ல 1, 2 டிபிக்கு மேல இறங்கக் கூடாது. 5, 6 இறங்குதுன்னா மிக்ஸ் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
சட்டி சரி ண்ணா, டோலக்கையும் பாக்கணும். இடது பக்க அடி 60 ஹெர்ட்ஸ்ல இருந்தா ஒரு சுத்துக்கு சுமார் 17 மில்லி செகண்ட். லிமிட்டர் ரிலீஸ் 5ல கிடந்தா அது ஒவ்வொரு சுத்துக்குள்ளயும் ஏறி இறங்கும், அடி 'தும்'னு விழாம 'தர்ர்'னு கிழியும். ரிலீஸை 80, 100க்குத் தள்ளுங்க. டோலக் மட்டும் வர்ற இடத்தை லூப்ல போட்டுக் கேட்டா உடனே தெரிஞ்சிடும், பாட்டு முழுசா ஓடும்போது தெரியாது.

ராயபுரத்திலிருந்து:
அனுப்புற ஃபைல்ல பீக் மைனஸ் 6 டிபியில இருந்தே ஆகணும்னு சொல்றாங்களே, கட்டாயமா?

பெரம்பூரிலிருந்து:
கட்டாயம் இல்ல தம்பி. மைனஸ் 3ல இருந்தாலும் மாஸ்டரிங் பண்றவர் ஃபேடரை இறக்கிக்குவார். 24 பிட்ல ஒரு பிட்டுக்கு 6 டிபி, அதனால கொஞ்சம் தாழ்வா இருந்தாலும் நஷ்டம் இல்ல. ஆனா 24 பிட் ஃபைல்ல பூஜ்யத்தை (அதோட உச்ச வரம்பு) தாண்டி வெட்டுப்பட்ட பீக் திரும்ப வராது. 32 பிட் ஃப்ளோட்ல தாண்டினது, அளவை இறக்கினா அப்படியே கிடைக்கும். அதனால பவுன்ஸ், அதாவது மிக்ஸை ஒரே ஃபைலா எடுக்குறதை, 32 பிட் ஃப்ளோட்ல எடுங்க, செஷன் 48 கிலோஹெர்ட்ஸ்னா அதுலயே, நார்மலைஸ் (சத்தத்தைத் தானா மாத்துறது) டிக் எடுத்துட்டு.

ரெண்டு ஃபைல் அனுப்புங்க. லிமிட்டர் இல்லாதது வேலைக்கு, லிமிட்டரோட இருக்கிறது நீங்க கேட்ட பேலன்ஸ் தெரியறதுக்கு. பேர்லயே எது எதுன்னு எழுதிடுங்க. மாஸ்டர் பஸ்ல போட்ட கம்ப்ரஸர் வேற விஷயம்: ஆரம்பத்துலேர்ந்து அதுக்குள்ளயே மிக்ஸ் பண்ணியிருந்தா கழட்டாதீங்க, மொத்தக் கட்டும் கலைஞ்சிடும்.

பாடகர் சத்தமா வேணும்னு கேட்டா வாட்ஸாப்புக்குத் தனியா ஒண்ணு போட்டுக் கொடுங்க. அதையே பாட்டு வெளியீட்டுக்கு விடாதீங்க. ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேக்குற சராசரி சத்த அளவு) இறக்கிடும். மைனஸ் 8ல நசுக்கின பாட்டு 6 டிபி இறங்கும், சட்டி மட்டும் நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
பவுன்ஸ் எடுக்கும்போது கடைசி அடிக்கு அப்புறம் 3, 4 செகண்ட் விடுங்க. ரிவெர்ப் வால் (எதிரொலி அடங்குற கடைசிப் பகுதி) பாதியில வெட்டுப்பட்டா மறுபடி எடுக்க வேண்டி வரும்.