ஃபிராக்டுர் எழுத்து இருந்தால் போர்க்காலப் பலகையா?

துருப்பிடித்தவன்: நாணயக்கிறுக்கன் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நீல எனாமலில் ஃபிராக்டுர் என்கிற பழைய ஜெர்மன் கோதிக் பாணியில் வெள்ளை எழுத்து, அடால்ஃப் ஹிட்லர் பெயரில் ஒரு ஜெர்மன் தெருப்பலகை, 1943-இல் செய்தது என்று விற்பவர் சொல்கிறாராம். "ஃபிராக்டுர் என்றாலே நாஜி எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று இவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஐயா, 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் போர்மன் அனுப்பிய சுற்றறிக்கை, அந்தக் கோதிக் எழுத்துகளை யூத எழுத்து என்று புளுகி ஒழித்துக்கட்டியது. தெருப்பலகைகளை இனி சாதாரண எழுத்தில்தான் செய்ய வேண்டும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது. அப்புறம் 1943-இல் எவன் ஃபிராக்டுரில் செய்வான்?

நாணயக்கிறுக்கன்: வந்துட்டாரய்யா வாத்தியார். சுற்றறிக்கை வந்த மறுநாளே ஊர் ஊராக ஏணி போட்டுக் கழற்றினார்களாமா? அந்தச் சுற்றறிக்கை அடித்த தாளின் தலைப்பே ஃபிராக்டுரில்தான் அச்சாகியிருந்தது, அது தெரியுமா உங்களுக்கு? பெர்லினில் பிராண்டன்பர்கர் டோர் ரயில் நிலையத்துச் சுவரில் இன்றைக்கும் அந்த எழுத்து இருக்கிறது.

துருப்பிடித்தவன்: அந்த நிலையம் திறந்தது 1936. நான் கேட்பது செய்த வருடம், தொங்கிய வருடம் இல்லை. 1943-இல் செய்தது என்றால் ஃபிராக்டுர் வராது. அவ்வளவுதான்.

சுட்டமண்: எழுத்துச் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், பலகையின் பின்பக்கப் படம் எங்கே? எனாமல் என்பது கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் 800 டிகிரி வாக்கில் சுட்டு உருக்குவது. ஆணித்துளையைப் போட்டுவிட்டுத்தான் சூளையில் வைப்பார்கள், அதனால் துளையின் விளிம்பு வரை எனாமல் படிந்திருக்கும். இந்தப் படத்தில் இடது மேல் துளையைப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே இரும்பு பளபளக்கிறது, சுற்றிலும் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. சுட்ட பிறகு டிரில் போட்டது அது. எண்பது வருடத் துரு எங்கே போச்சு?

நாணயக்கிறுக்கன்: வேறு சுவரில் மாட்ட யாராவது பிறகு துளை போட்டிருக்கலாமே. பெர்லினில் ரைஷ்கான்ஸ்லர் பிளாட்ஸ் என்ற சதுக்கத்துக்கு ஹிட்லர் பெயர் வைத்தது 1933-லேயே. அப்போது செய்த பலகை ஃபிராக்டுரில் இருந்தால் என்ன தப்பு?

துருப்பிடித்தவன்: 1933 என்று விற்கச் சொல்லுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். அவர் 1943 என்கிறார். போர்மன் சுற்றறிக்கை 1941. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

நாணயக்கிறுக்கன்: போன வருடம் அந்த ஹெல்மெட்டை அசல் என்று சத்தியம் பண்ணிய வாய்தானே இது?

துருப்பிடித்தவன்: ஹெல்மெட் அசல்தான். இன்றைக்கும் சொல்வேன். பேச்சை மாற்றாதீர்கள்.

கடலோரத்தான்: அசலோ போலியோ, அந்தக் கொலைகாரன் பெயரை வாங்கி வரவேற்பறையில் மாட்டப் போகிறீர்களா? 1945-க்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களே கழற்றி எறிந்த பெயர் அது.

நாணயக்கிறுக்கன்: நான் மாட்டுவதற்கு வாங்கவில்லை, சேகரிப்புக்கு. பாடம் எடுக்க வேறு ஆளைப் பாருங்கள்.

சுட்டமண்: பின்பக்கப் படம் கேட்டேன். எழுத்தின் ஓரத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள், வெள்ளையும் நீலமும் தனித்தனியாகச் சுட்ட அடுக்கு என்றால் மேடு தட்டும். வழவழவென்று ஓடினால் சந்தேகப்படுங்கள்.

துருப்பிடித்தவன்: தம்பி, மேடு எதற்கு, பள்ளம் எதற்கு? புதிதாகச் செய்கிறவனும் இரண்டு அடுக்கு சுடுவான், உப்புத்தண்ணீரில் போட்டுத் துருவும் ஏற்றுவான். தேதியை அவனால் மாற்ற முடியாது. 1941 ஜனவரி 3.

சுட்டமண்: முதலில் 'தம்பி' என்பதை நிறுத்துங்கள். யாருக்கு யார் தம்பி?

நாணயக்கிறுக்கன்: அவர் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார், ஹெல்மெட் விற்றவனையும் தம்பி என்றுதான் அழைத்தார்.

துருப்பிடித்தவன்: ஹெல்மெட்டுக்குத் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன். இங்கே ஒரே கேள்வி: 1943-இல் ஃபிராக்டுரில் செய்யச் சொல்லி உத்தரவு போட்ட நகராட்சி எது? பெயர் சொல்லுங்கள்.

நாணயக்கிறுக்கன்: நீங்கள் முதலில் ஹெல்மெட்டின் உள்பக்கப் படத்தைப் போடுங்கள்.