பெர்லின் டோனர் கடைகள்: சாப்பிட்டதும் கேட்டதும்

நெல்லைக்காரன்

2017 அக்டோபரில் மேல்படிப்புக்காக பெர்லின் வந்தேன். வாரத்தில் மூன்று ராத்திரி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. முடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஹெர்மான்பிளாட்ஸ் வந்து இறங்கும்போது மணி ஒன்றரை இருக்கும். அந்த நேரத்தில் சூடாக ஏதாவது கிடைத்தது துருக்கிக்காரர் ஒருவரின் டோனர் கடையில்தான். செங்குத்துக் கம்பியில் சுற்றி வேகும் கறியைச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தருவதுதான் டோனர். விலை மூன்றரை யூரோ. ஒன்று வாங்கினால் மறுநாள் மதியம் வரை பசி தாங்கும்.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கடையில் இரண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தது, ஒன்றில் கன்று, ஒன்றில் கோழி. கோழியைக் கை காட்டினேன். "சாலாட் அலெஸ்?" என்றார் கடைக்காரர். எல்லாக் காய்கறியும் வைக்கலாமா என்று அர்த்தம். அடுத்து சாஸ்: மூலிகை, பூண்டு, காரம். மூன்றும் வேண்டும் என்றேன். இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று தடவை அதையேதான் சொல்லியிருப்பேன்.

பரோட்டா மாஸ்டரை வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான். அதே கண்ணோடு இவரையும் பார்ப்பேன். துருக்கியில் கைத்தொழில் தெரிந்தவரை 'உஸ்தா' என்பார்கள், நம் ஊர் 'மாஸ்டர்' மாதிரி. நாம் கேட்டவுடனே அவர் வெட்டிவிட மாட்டார். வெளிப்பக்கம் இன்னும் வெளுப்பாக இருந்தால் தீயைக் கூட்டிவிட்டு நிற்பார். பின்னால் வரிசை நீண்டாலும் கவலைப்பட மாட்டார். ஓரம் முறுகி, கொழுப்பு நுரைத்து இறங்கும்போது முழங்கை நீளக் கத்தியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். தாள் போலச் சுருண்டு விழுவதைக் கீழே வைத்திருக்கும் தட்டில் ஏந்திக்கொள்வார். அதற்குள் கால் வட்டமாக வெட்டிய ரொட்டி இரும்புத் தகடுகளுக்கு நடுவே அழுந்திக் கோடு விழுந்திருக்கும். அதைப் பிளந்து, முதலில் இரண்டு பக்கமும் சாஸ் தடவி, கறி வைத்து, அதன் மேல் சிவப்பு முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி, கடைசியில் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது மாதம் அவரை 'அபி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். துருக்கியில் அபி என்றால் அண்ணன். முன்பின் தெரியாத கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு வழியே இல்லை, 'திரு' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கூட்டம் இல்லாத நேரத்தில் துலிப் பூ மாதிரி இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் எனக்கும் கட்டன் சாயா வர ஆரம்பித்தது.

அவர் அப்பா 1960களின் கடைசியில் வந்தவராம். 1961 அக்டோபர் 30ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கொஞ்ச வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்பது கணக்கு. 'விருந்தாளித் தொழிலாளி' என்றே பெயர் வைத்தார்கள். 1973இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்ததும் பலர் இங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

செங்குத்தாகச் சுற்றும் கறி துருக்கியில் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பூர்ஸா ஊரின் இஸ்கெந்தர் கபாப் அந்த வழி வந்தது, தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுவது. 1972இல் கதிர் நூர்மன் என்பவர் பெர்லின் ட்சோ ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டார். ஜெர்மன்காரர்கள் நடந்துகொண்டே சாப்பிடுகிறவர்கள் என்று பார்த்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். 1971இலேயே நாங்கள் செய்துவிட்டோம் என்று வேறு ஒரு குடும்பமும் சொல்கிறது. யார் முதலில் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இந்த மூன்று சாஸும் சிவப்பு முட்டைக்கோஸும் இந்த ஊரில் சேர்ந்தவை. இது பெர்லின் சாப்பாடு, செய்தவர்கள் துருக்கியர்கள்.

இதை எழுத நினைத்ததற்குக் காரணம் வேறு. ஒரு ராத்திரி கடைத் தொலைக்காட்சியில் மியூனிக் வழக்கின் தீர்ப்பைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள், 2018 ஜூலை. நவநாஜிக் கும்பல் ஒன்று 2000 முதல் 2006 வரை ஜெர்மனியில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கி வழி வந்தவர்கள், ஒருவர் கிரேக்கர். போலீஸ் பல வருஷம் செத்தவர்களின் குடும்பங்களையே சந்தேகப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'டோனர் கொலைகள்'. உண்மை வெளியே வந்த பிறகு, 2011ஆம் ஆண்டின் மிக மோசமான சொல் என்று மொழியறிஞர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது.

அபி கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "அதில் பூ விற்றவர் இருந்தார். தையல்காரர் இருந்தார். காய்கறி விற்றவர் இருந்தார். டோனர் கடையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஆனாலும் எல்லாருக்கும் சேர்த்து என் கடைப் பலகையில் இருக்கிற சொல்லைத்தான் வைத்தார்கள்." அந்த வருஷங்களில் ராத்திரி யாராவது தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தால் கை தானாகக் கல்லாவுக்குக் கீழே போகுமாம். அங்கே ஒன்றும் இல்லை, காகித நாப்கின் கட்டுதான் இருக்கும் என்றார்.

அதற்குள் பல மாதம் அந்தக் கடையில் சாப்பிட்டிருந்தவன் நான். அந்தச் சொல்லை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பழைய ஆள், பெர்லின்

தம்பி, உங்கட பதிவு என்னை 40 வருசம் பின்னால கொண்டுபோட்டுது. நான் 1985இல வந்தனான். மொஸ்கோவில மாறி, கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ ரயில் நிலையத்தால மேற்குப் பக்கம் வந்தம். மேற்குப் பக்கத்தில பாஸ்போர்ட் பாக்க ஆக்கள் இல்லை. அதை ஒரு நாட்டு எல்லையா மேற்கு ஜெர்மன்காரர் ஒத்துக்கொள்ளேல்ல. அந்த நேரம் எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம் கனபேர் வந்தது இந்த வழியாலதான்.

வந்து ஒரு கிழமையில, ஹைமில (அகதியள் தங்கிற விடுதி) இருந்த ஒரு பெடியன் கோட்புஸர் டோர் பக்கம் கூட்டிக்கொண்டு போய் டோனர் வாங்கித் தந்தவன். மாட்டிறைச்சி எண்டு விளங்கினதும் நான் கைய எடுத்திட்டன். அப்ப நான் பாத்த கடையளில கோழி இல்லை. கடைக்காரர் என்ர முகத்தைப் பாத்தார். ஒண்டும் கேக்கேல்ல. வேற பாண் எடுத்து, வெள்ளைச் சீஸ், தக்காளி, வெங்காயம், உறைப்புச் சோஸ் வைச்சுத் தந்தார். காசு நீட்ட, கையால தள்ளிவிட்டார். எனக்கும் ஜெர்மன் தெரியாது, அவருக்கும் அளவாத்தான் தெரியும். அண்டைக்குச் சாப்பிட்ட உறைப்பு ஊர் விட்டு வந்த பிறகு நாக்கில பட்ட முதல் உறைப்பு.

1989 நவம்பரில சுவர் விழ, கிழக்கில இருந்து வந்த சனத்துக்கு அரசாங்கம் ஆளுக்கு 100 மார்க் வரவேற்புக் காசு குடுத்தது. டோனர் கடையளில நிண்ட வரிசையை நான் கண்ணால கண்டனான். பிள்ளையளைத் தோளில வைச்சுக்கொண்டு, இது என்ன சாப்பாடு எண்டு ஆளை ஆள் கேட்டுக்கொண்டு நிண்டவை.

பிறகு நடந்ததையும் சொல்லவேணும். மேற்கு பெர்லின் தொழிற்சாலையளுக்கு அரசாங்கம் குடுத்த சலுகை நிண்டுபோச்சு. ஒவ்வொண்டா மூடினவை. வேலை போன ஆக்களில துருக்கிச் சனம் கனக்க. எங்கட மேல்வீட்டுக்காரர் 20 வருசம் ஒரு தொழிற்சாலையில இரவு வேலை செய்தவர். வேலை போக, கிடைச்ச காசில ஒரு வண்டி வாங்கிக் கிழக்குப் பக்கம் போய் டோனர் போட்டார். சமையல் தெரிஞ்ச மனுசன் இல்லை. மனிசிதான் சோஸ் கலந்து வாளியில குடுத்துவிடுவா. விடிய நாலு மணிக்கு அவ உள்ளி இடிக்கிற சத்தம் எங்கட படுக்கையறைக்குக் கேக்கும். நாங்கள் ஒருநாளும் அதுக்குக் குறை சொன்னதில்லை.

கும்பகோணத்துப் பொண்ணு

நான் சைவம். பெர்லின்ல எனக்கு என்ன கிடைக்கும்னு பயந்துகிட்டுதான் வந்தேன். மைபாக்ஊஃபர் கால்வாய் ஓரமா செவ்வாயும் வெள்ளியும் துருக்கிச் சந்தை கூடும். அங்க ஒரு அக்கா (அவங்க மொழியில 'அப்லா') மெல்லிசு உருட்டுக்கட்டையால மாவைத் தேய்க்கிறதைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். நம்ம பூரிக்கட்டை மாதிரி நடுவுல பருத்திருக்காது, ஒரே கனத்துல நீளமா இருக்கும். மாவு கட்டையில சுருண்டு, விரிஞ்சு, ஒவ்வொரு தடவையும் அகலமாகும். உள்ள கீரையும் சீஸும் வச்சு மடிச்சு, குழிவு இல்லாத பெரிய தகட்டுல சுடுவாங்க. கொஸ்லெமேன்னு பேரு.

அப்புறம் சிக் கோஃப்தே. ஒரு காலத்துல பச்சைக் கறியில செஞ்சது. இப்போ கடைகள்ல கிடைக்கிறது கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் போட்டுப் பிசைஞ்சது. மெல்லிய ரொட்டியில வச்சு, எலுமிச்சை, மாதுளைப் பாகு ஊத்திச் சுருட்டித் தருவாங்க. காரமும் புளிப்பும் நம்ம நாக்குக்குச் சரியா இருக்கும். சைவக்காரங்க தயங்காம கேட்டு வாங்குங்க.

நெல்லைக்காரன்

அண்ணா, நீங்கள் சொன்ன உள்ளி இடிக்கும் சத்தத்தை அபியிடம் சொன்னேன். அவர் அம்மாவும் அப்படித்தானாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. அரைத்த இறைச்சி 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஜெர்மனியில் டோனர் என்று பெயர் போடக் கூடாது. பலகையில் 'டிரேஷ்பீஸ்' (சுற்றும் கம்பி) என்று மட்டும் இருந்தால் அது அந்த ரகமாக இருக்கலாம். கம்பியைப் பாருங்கள். அடுக்கடுக்காக இலை இலையாகத் தெரிந்தால் நல்ல கடை. வழவழவென்று ஒரே உருளையாக இருந்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

விலை இப்போது ஏழு யூரோவைத் தாண்டிவிட்டது. எட்டுப் பத்துப் பேராவது தினமும் அதற்காக அபியிடம் சண்டை போடுகிறார்கள். கறி, கேஸ், வாடகை, ஆள் கூலி எல்லாம் ஏறியதை அவர் விளக்குவதில்லை. பில்லைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். 2024இல் ஜெர்மன் ஜனாதிபதி ஷ்டைன்மையர் துருக்கி போனபோது 60 கிலோ டோனர் கம்பியையும் பெர்லின் கடைக்காரர் ஒருவரையும் கூட்டிப்போனார். இத்தனை வருஷ உழைப்புக்கு டோனர்தானா அடையாளம் என்று பலருக்குக் கோபம். அபிக்குக் கோபம் இல்லை. அந்தக் கடைக்காரர் இஸ்தான்புல்லில் எப்படி வெட்டினார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

அவருக்கு இப்போது தோள்பட்டை தேய்ந்துவிட்டது. வட்டத் தகடு சுற்றும் மின்கத்திதான் பிடிக்கிறார். நான் போனால் மட்டும் சுவரில் மாட்டியிருக்கும் நீளக் கத்தியை எடுக்கப் பார்ப்பார். "வேண்டாம் அபி, அதிலேயே வெட்டுங்க" என்பேன். வாங்கிக்கொண்டு 'எலினிஸே ஸாலிக்' என்பேன். உங்கள் கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று சமைத்தவரைப் பார்த்துச் சொல்வது. அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே, காரம் போதுமா என்று கேட்பார்.