கணவருக்கு முதல் ஸ்மார்ட்போன்: என்னுடையதைப் போலவே வாங்கலாமா?

மாடிப்படி:
என் கணவர் தச்சர், வயது 58. இன்றுவரை பொத்தான் போன்தான். நான் எத்தனையோ முறை சொல்லியும் அசையாதவர், வேலை கொடுப்பவர்கள் அளவையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியதும் போன வாரம் தானாகவே "எனக்கும் ஒன்று பார்" என்றார். நான் வைத்திருப்பது ஐபோன். அதையே அவருக்கும் வாங்கினால் சொல்லித்தர எளிது என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டுதான் வாங்க வேண்டும் என்கிறான் மகன். வெளியூரில் இருந்துகொண்டு அவனுக்கென்ன, சொல்லிவிடுவான். எது சரி?

கறார்:
உங்கள் கணக்குதான் சரி. முதல் போனுக்கு வேண்டியது பக்கத்தில் சொல்லித்தர ஓர் ஆள். எல்லாரும் புகழ்ந்தார்களே என்று என் மனைவிக்கு வேறு வகை வாங்கிக் கொடுத்தேன். "டார்ச்சை எங்கே அணைப்பது?" என்று அவள் கேட்பாள். இருவருமாகத் திரையைத் தடவிக்கொண்டிருப்போம். ஒரே வகையாக இருந்தால், சமையலறையிலிருந்தே "வலது மேல் மூலையைப் பிடித்துக் கீழே இழு" என்று குரல் கொடுத்துவிடலாம்.

பின்வாசல்:
அக்கா, பொத்தான் போனை விட்டு வருபவருக்கு முதல் பயம் என்ன தெரியுமா? தெரியாமல் எங்கோ நுழைந்துவிட்டோம், எப்படி வெளியே வருவது என்பதுதான். ஆண்ட்ராய்டில் மூன்று பொத்தான் முறையை வைத்துக் கொடுத்தால், பின்செல்லும் பொத்தான் ஏறக்குறைய எப்போதும் திரையின் அடியிலேயே இருக்கும். ஐபோனில் அப்படி எல்லா இடத்துக்கும் பொதுவான பொத்தான் கிடையாது. ஓர் இடத்தில் இடது மேல் மூலையில் அம்புக்குறி, இன்னோர் இடத்தில் பெருக்கல் குறி, வேறோர் இடத்தில் பக்கத்தையே பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பழகிய நமக்கு இது உறைக்காது. புதியவர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்பார்.

கறார்:
அந்தப் பயம் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். போன் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு வாங்கினால் பாதியிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிடும். பணப் பரிமாற்றச் செயலி இருக்கும் போனில் அது விளையாட்டா?

பின்வாசல்:
நீங்கள் பழைய கதை பேசுகிறீர்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கு 7 ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தது. 2024இல் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் அதையே சொன்னது.

கறார்:
இரண்டுமே விலை உயர்ந்தவை. முதல் போனுக்கு அதை வாங்கப் போகிறார்களா?

பின்வாசல்:
அது நியாயம்தான். விலை குறைந்ததில் மாடலுக்கு மாடல் மாறுகிறது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண்டுக் கணக்கு பொதுவாகப் போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடும், நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் ஏமாறுவது இங்கேதான்.

சும்மா எட்டிப்பார்த்தேன்:
எதற்கு இத்தனை பேச்சு? அக்கா புதியது வாங்கிக்கொண்டு பழையதை அவருக்குக் கொடுத்தால் முடிந்தது.

மாடிப்படி:
என் போன் மதியத்துக்குள் சார்ஜ் கேட்கிறது. அதைக் கொடுத்தால் மறுநாளே பொத்தான் போனுக்குத் திரும்பிவிடுவார். அது வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் போட்டால் போதும் என்று ஏற்கெனவே குத்திக்காட்டுகிறார்.

சுண்ணாம்புக் கை:
தச்சர் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார், அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என் கணவர் கட்டட வேலை செய்பவர். அவருக்கு முதல் போன் வாங்கிய அன்று நடந்தது இது. கைரேகையைப் பதிக்கச் சொன்னது. வைத்தார், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, ஒன்றும் ஆகவில்லை. ரேகை தேய்ந்துபோன விரல்கள். "என் கையையே இதற்குத் தெரியவில்லை" என்று போனைத் தள்ளி வைத்துவிட்டார். கடைசியில் எண் பூட்டுத்தான் போட்டோம்.

அடுத்த வில்லங்கம் அழுத்தம். பொத்தானை அழுத்திப் பழகியவர் கண்ணாடியையும் அழுத்துவார். இந்தத் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரலின் மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ப்புப் பிடித்து உலர்ந்த விரலைச் சில நேரம் உணராது. உணர்ந்தாலும், அழுத்திப் பிடித்திருப்பதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடும். தொட வேண்டும், அழுத்தக் கூடாது என்பதைப் பழக்குவதற்கே எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. எவ்வளவு நேரம் பிடித்தால் நீண்ட அழுத்தம் என்பதை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில் மாற்றலாம். எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுங்கள். நிறுவனப் பெயரை வைத்துச் சண்டை போடுபவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

கறார்:
சொன்னது உண்மை, ஏற்கிறேன். முகத்தைக் காட்டித் திறப்பது இருக்கிறதே, அதற்கு ஐபோன்தான்.

பின்வாசல்:
சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறீர்கள்! சரி, எந்தப் போனாக இருந்தாலும் ஒன்று செய்யாதீர்கள் அக்கா. உங்கள் மின்னஞ்சல் கணக்கை அதில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவர் பெயரில் தனிக் கணக்கு, அவர் தேர்ந்தெடுத்த கடவுச்சொல், அவர் எண்.

கறார்:
இது தேவையற்ற பயமுறுத்தல். மறந்துபோனால் யார் மீட்டுத் தருவார்? என் வீட்டில் எல்லாம் என் கணக்கில்தான். ஒரு தொல்லையும் இல்லை.

பின்வாசல்:
உங்களுக்குத் தொல்லை இல்லை. அவர்களைக் கேட்டீர்களா? அவர்கள் எடுக்கும் படம், தேடிய சொல், சேமித்த எண் எல்லாம் உங்கள் போனிலும் வந்து நிற்கும்.

கறார்:
கணவன் மனைவிக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

சுண்ணாம்புக் கை:
மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாதவரும் குளிக்கும்போது கதவைச் சாத்துவார், ஐயா. மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் ஒரு தாளில் அவரையே எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

மாடிப்படி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அவரையே கடைக்கு அழைத்துப்போனேன். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போக, இவர் காது கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் உளியைத் தூக்கிப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு மேசைமேல் மல்லாத்தி வைத்து ஒரு மூலையை விரலால் தொட்டார். பின்பக்கம் கேமரா மேடு இருப்பதால் டக்கென்று ஆடியது. அடுத்ததும் ஆடியது. "மட்டம் இல்லாத சாமானுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தடித்த உறை ஒன்றைப் போட்டுக் காட்டியதும் ஆட்டம் நின்றது. இவரும் சமாதானமானார்.

என்னுடையது போன்ற ஐபோனையும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை மேலே தள்ளினார், "வழுக்குகிறது" என்று திருப்பித் தந்துவிட்டார். வாங்கியது நடுத்தர விலை ஆண்ட்ராய்டு. கீழே மூன்று பொத்தான் வைத்தாயிற்று. புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்று கேட்டுத்தான் வாங்கினோம். கறார் ஐயா மன்னிக்கவும்.

கறார்:
மன்னிக்க என்ன இருக்கிறது! ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் உங்களிடம்தான் வருவார், உங்களுக்கும் தெரியாது. கடவுச்சொல்லையாவது கேட்டு வைத்துக்கொண்டீர்களா?

மாடிப்படி:
ஆறு இலக்க எண் போட்டிருக்கிறார். ஒரு துண்டுத் தாளில் எழுதி, தன் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.